புது பேட்டரி வாங்கும் முன்

பெரம்பூர், வியாசர்பாடி, எம்.கே.பி. நகர், மூலக்கடை பக்கமிருந்து மணலிக்கும் எண்ணூருக்கும் திருவொற்றியூருக்கும் ஷிப்டுக்கு பைக்கில் போகிற எல்லோருக்கும்,



ஆயுத பூஜைக்கு வண்டியை வாட்டர் சர்வீஸ் விட்டு, சந்தனம் குங்குமம் வைத்து, எலுமிச்சம்பழத்தின் மேல் ஏற்றி ஓட்டிப் போவீர்கள். அடுத்த இரண்டு மூன்று நாளில் எங்களைப் போன்ற ஆட்டோ எலக்ட்ரிக்கல் கடைகளில் வரிசை நிற்கும். பிரஷர் தண்ணீர் ஹெட்லைட்டுக்குப் பின்னாலும் சீட்டுக்கு அடியிலும் இருக்கிற கப்ளர்களுக்குள் புகுந்திருக்கும். அது காய்வதற்குள் ஐப்பசி மழை பிடித்துக்கொள்ளும். பிறகு கார்த்திகை வரைக்கும் "அண்ணே, செல்ஃப் எடுக்கல" என்ற ஒரே பாட்டுதான். மழைக்கு முன்பே உங்களிடம் பேசிவிடலாம் என்றுதான் இந்த மடல்.

வருகிறவர்களில் பாதிப் பேர் நோயோடு மருந்துச் சீட்டையும் தாங்களே எழுதிக்கொண்டு வருகிறார்கள். "பேட்டரி போச்சுண்ணே, புதுசு போட்டுடுங்க." நான் இன்னும் வண்டியின் சீட்டைக்கூடக் கழற்றியிருக்க மாட்டேன். டீக்கடையில் யாரோ சொல்லியிருப்பார், அல்லது ரோட்டோரம் வண்டியைப் பார்த்த ஒருவர் சொல்லியிருப்பார். புது பேட்டரி போட்டால் வண்டி ஸ்டார்ட் ஆகவும் செய்யும், வில்லங்கமே அதில்தான் இருக்கிறது. புது பேட்டரியின் முறுக்கு, கெட்டுப்போன ஜாயின்ட்டையும் மீறிக் கொஞ்ச நாள் மோட்டாரைச் சுற்றிவிடும். அந்த முறுக்கு லேசாகக் குறைந்ததும் பழைய கதை திரும்பும். அப்போது பேட்டரிக் கம்பெனியைத் திட்டிவிட்டு இன்னொன்று வாங்குவீர்கள். இப்படி மூன்று பேட்டரி மாற்றிய பிறகு என் கடைக்கு வந்த வண்டிகள் உண்டு. தூக்கிப் போட்ட மூன்றுமே நல்ல பேட்டரிகள். குற்றவாளி, எஞ்சின் பாடியில் துருவேறிக் கிடந்த எர்த் போல்ட்.

நம் ஊர் வண்டிக்காரர்கள் முன்பெல்லாம் இப்படிக் கண்ணை மூடிக்கொண்டு பாகம் மாற்றியவர்கள் இல்லை. 1955ல் மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்தில் ரெட்டிச் என்ற ஊரில் இருந்த என்ஃபீல்டு கம்பெனியும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. திருவொற்றியூரில் புல்லட் கட்டினார்கள். அந்த வண்டியின் ஹெட்லைட் மண்டையிலேயே சின்னதாக ஓர் அம்மீட்டர் இருக்கும். முள் இடது பக்கம் சாய்ந்தால் பேட்டரியிலிருந்து கரண்ட் வெளியே போகிறது, வலது பக்கம் சாய்ந்தால் உள்ளே வருகிறது என்று அர்த்தம். பாயின்ட் செட் இருந்த காலத்தில் ஸ்டார்ட் பண்ணுவதற்கே அந்த முள்தான் துணை. சாவி போட்டு கிக்கரை மெதுவாக இறக்கினால், பாயின்ட் மூடியிருக்கும்வரை காயிலுக்குக் கரண்ட் போய் முள் இடது பக்கம் சாயும். பாயின்ட் திறந்ததும் நடுவுக்குத் திரும்பும். அப்போது டீகம்ப்ரஸரைப் பிடித்துக் கிக்கரை இன்னும் கொஞ்சம் இறக்கி, விட்டுவிட்டு, ஒரே உதை. முள் ஆடவே இல்லையென்றால் காயிலுக்குக் கரண்ட் வரவில்லை. அதற்கு மேல் உதைத்தால் முழங்கால்தான் வலிக்கும்.

தச்சு வேலைக்காரரும் பால்காரரும்கூட அந்த முள்ளைப் படிக்கத் தெரிந்திருந்தார்கள். பிறகு செல்ஃப் வந்தது, ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன் வந்தது, அம்மீட்டர் போய்விட்டது. (செல்ஃப் திருவொற்றியூருக்குப் புதிது என்று நினைக்காதீர்கள். 1960களில் அங்கே கட்டிய ஃபான்டாபுலஸ் என்ற ஸ்கூட்டரிலேயே அது இருந்தது. அந்த ஸ்கூட்டரைப் பார்த்தவர்கள் இப்போது அபூர்வம்.) வண்டி தன் கரண்ட் கணக்கைக் கண்ணுக்கு எதிரே காட்டிய காலம் போனதால், அந்தக் கணக்கை நாமே மீட்டர் வைத்துக் கேட்க வேண்டியிருக்கிறது. ரிச்சி ஸ்ட்ரீட்டில் முந்நூறு நானூறு ரூபாய்க்கு டிஜிட்டல் மல்டிமீட்டர் கிடைக்கும். இந்த வேலைக்கு அது போதும்.

செல்ஃப் பட்டனை அழுத்தும்போது வண்டியில் கரண்ட் இரண்டு பாதையில் ஓடுகிறது. ஒன்று சின்னப் பாதை. ஃப்யூஸ், சாவி, கில் சுவிட்ச், கிளட்ச் அல்லது நியூட்ரல் சுவிட்ச், சில வண்டிகளில் சைடு ஸ்டாண்ட் சுவிட்ச், கடைசியாகப் பட்டன் என்று எல்லாவற்றையும் தாண்டி ரிலேக்குள் இருக்கிற காயிலுக்குப் போகும். இதில் ஓடுவது சில ஆம்பியர்தான். அந்தக் காயில் காந்தமாகி உள்ளே இருக்கிற செப்புத் தகட்டை இழுத்து ஒட்ட வைத்ததும் பெரிய பாதை திறக்கும். பேட்டரி பாசிட்டிவிலிருந்து தடித்த ஒயர் வழியாக ரிலேக்கு, அங்கிருந்து மோட்டாருக்கு, மோட்டாரிலிருந்து எஞ்சின் பாடிக்கு, எஞ்சின் பாடியிலிருந்து எர்த் ஒயர் வழியாகத் திரும்பப் பேட்டரி நெகட்டிவுக்கு. சின்ன வண்டியில் ஐம்பது அறுபது ஆம்பியர், புல்லட் மாதிரி வண்டியில் எஞ்சின் அசையத் தொடங்கும் கணத்தில் நூறைத் தாண்டும். பலரும் போகிற ஒயரைப் பார்ப்பார்கள், திரும்பி வருகிற வழியைப் பார்க்க மாட்டார்கள்.

வண்டி எழுப்புகிற சத்தத்தைக் கேட்டாலே எந்தப் பாதையில் பிரச்சினை என்று பெரும்பாலும் தெரிந்துவிடும். பட்டனை அழுத்தினால் சத்தமே இல்லை என்றால் சின்னப் பாதையில் எங்கோ அறுந்திருக்கிறது. முதலில் கில் சுவிட்சைப் பாருங்கள். சிரிக்காதீர்கள், பார்க்கிங்கில் யாராவது தட்டிவிட்டுப் போன கில் சுவிட்சுக்காக மீன்பாடி வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்த பைக்கைப் பார்த்திருக்கிறேன். பிறகு கிளட்ச் லீவர் அடியில் இருக்கிற குட்டி சுவிட்ச். லீவரை இரண்டு மூன்று தடவை முழுக்கப் பிடித்து விட்டால் சிலது உயிர் பெறும். சைடு ஸ்டாண்ட் சுவிட்ச் சேற்றுக்குப் பக்கத்திலேயே இருப்பதால் மழைக்காலத்தில் அதுவும் சந்தேகத்துக்குரியதுதான். அப்புறம் எலி. சந்து வீடுகளில் நிற்கிற வண்டிகளில் சீட்டுக்கு அடியில் எலி ஒயரைக் கடிப்பது நம் பக்கம் சாதாரணம்.

"டிக் டிக் டிக் டிக்" என்று படபடவென அடித்தால் சின்னப் பாதை நன்றாக இருக்கிறது. ரிலே மூடுகிறது, மோட்டார் கரண்ட்டை இழுக்கிறது, வோல்ட் சரிகிறது, ரிலே காயிலுக்கே பலம் போதாமல் விட்டுவிடுகிறது, உடனே வோல்ட் ஏறி மறுபடி மூடுகிறது. பேட்டரி தளர்ந்திருக்கலாம், அல்லது டெர்மினல், எர்த் ஜாயின்ட் கெட்டிருக்கலாம். ஒரே ஒரு "டக்" மட்டும் கேட்டு, ஹெட்லைட்டும் மங்காமல் இருந்தால் ரிலேயின் உள் தகடு கருகியிருக்கும், இல்லையென்றால் மோட்டாரின் கார்பன் தேய்ந்து ஆர்மேச்சரைத் தொடாமல் நிற்கும். மோட்டார் "ஙீ" என்று வேகமாகச் சுற்றியும் எஞ்சின் சுற்றவில்லை என்றால் ஒன்வே கிளட்ச். அது எலக்ட்ரிக்கல் வேலையே இல்லை, எஞ்சின் மெக்கானிக்கிடம் போங்கள். புது ஸ்கூட்டர்கள் சிலவற்றில் மேக்னெட்டே ஸ்டார்ட்டராகவும் வேலை செய்வதால் இந்தச் சத்தக் கணக்கு அவற்றுக்குப் பொருந்தாது.

"ஹாரன் அடிக்குது, லைட்டு எரியுது, அப்புறம் எப்படிண்ணே ஜாயின்ட் கெட்டிருக்கும்?" நியாயமான கேள்வி. ஒரு ஓமை நூறாகப் பங்கிட்டு அதில் ஒரு பங்கு மட்டும் தடை எர்த் போல்ட்டில் ஏறியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். லைட்டுக்கு மூன்று ஆம்பியர் போகும்போது அந்தத் தடையில் தொலைவது 0.03 வோல்ட், யாருக்கும் தெரியாது. மோட்டாருக்கு நூறு ஆம்பியர் போகும்போது அதே தடையில் ஒரு வோல்ட் முழுசாகப் போய்விடும். இப்படி மூன்று ஜாயின்ட் இருந்தால் மூன்று வோல்ட். பேட்டரி பத்து வோல்ட் கொடுத்தாலும் மோட்டாருக்குப் போய்ச் சேர்வது ஏழு. மல்டிமீட்டரில் 'பீப்' சத்தம் வருவதை வைத்து "ஒயர் நல்லாத்தான் இருக்கு" என்று முடிவு கட்டுவதும் இதனால்தான் ஏமாற்றும். ஒற்றை இழை ஒட்டிக்கொண்டிருந்தாலும் மீட்டர் பீப் அடிக்கும்.

அதனால் கரண்ட் ஓடும்போதே அளக்க வேண்டும். மீட்டரை டி.சி. 20 வோல்ட்டில் வையுங்கள். சிவப்பு முனையை எஞ்சின் பாடியில் பெயின்ட் இல்லாத வெறும் உலோகத்தில், கறுப்பு முனையை பேட்டரி நெகட்டிவின் ஈயத் தலையிலேயே வையுங்கள், ஒயர் லக்கில் வைக்கக் கூடாது. வண்டி நியூட்ரலில் இருக்கட்டும். இன்னொருவரைப் பட்டனை அழுத்தச் சொல்லுங்கள். 0.2, 0.3 வோல்ட்டுக்குள் காட்டினால் எர்த் சுத்தம். ஒரு வோல்ட்டைத் தொட்டால் பேட்டரிக்குச் செலவு செய்யாதீர்கள், ஸ்பேனரை எடுங்கள். அதே மாதிரி பேட்டரி பாசிட்டிவுக்கும் மோட்டார் போல்ட்டுக்கும் நடுவில் வைத்துப் பாருங்கள். பட்டனை விட்டிருக்கும்போது அங்கே பன்னிரண்டு காட்டும், பயப்பட வேண்டாம். அழுத்தும்போது அரை வோல்ட்டுக்குள் இறங்க வேண்டும். இறங்காவிட்டால் ரிலேயின் இரண்டு பெரிய போல்ட்டுக்கும் குறுக்கே வைத்து மறுபடி அழுத்துங்கள். வோல்ட் அங்கேயே தேங்கி நின்றால் ரிலேதான் திருடன்.

கடற்கரையிலிருந்து விலகி இருக்கிற ஊர்களைவிட நம் பக்கம் இது ஏன் அதிகம் என்றால், காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரைக்கும் கடலை ஒட்டியே நீங்கள் தினமும் ஓட்டுகிறீர்கள். உப்புக்காற்று ஒயர் முனையில் படிகிறது. ராத்திரி ஈரத்தில் அந்த உப்பு கரைகிறது. செப்பு லக், இரும்பு போல்ட், அலுமினிய எஞ்சின் பாடி என்று மூன்று உலோகம் ஒன்றாக இறுகியிருக்கிற இடத்தில் உப்புத் தண்ணீர் இறங்கினால் அதுவே ஒரு குட்டி பேட்டரி ஆகிவிடும். முதலில் அலுமினியம் அரிக்கும், வெள்ளைப் பொடியாகப் பூக்கும். செம்பில் பச்சைக் களிம்பு ஏறும். கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே குடிக்கிற புழுதி அந்த ஈரத்தை விடாமல் பிடித்து வைத்துக்கொள்ளும். மீன் கூடையும் ஐஸ் பெட்டியும் ஏற்றுகிறவர்களுக்கு உப்புத் தண்ணீர் காற்றில் வர வேண்டியதில்லை, நேராக ஒயரிங் மேலேயே சொட்டுகிறது. அவர்கள் மாதம் ஒருமுறையாவது நல்ல தண்ணீரில் துடைத்துக் காய வைக்க வேண்டும்.

வைத்தியம் சுலபம். எப்போதும் நெகட்டிவை முதலில் கழற்றுங்கள், மாட்டும்போது கடைசியில் மாட்டுங்கள். லக்கையும் பாடியில் அது உட்காரும் இடத்தையும் உப்புக்காகிதத்தில் பளிச்சென்று தேய்த்து, இறுக்கி, அதற்கு மேலே வேஸ்லின் தடவுங்கள். இறுக்குவதற்கு முன்னால் அப்பிவிட்டால் போதும் என்று நினைக்காதீர்கள், உலோகம் உலோகத்தைத் தொட வேண்டும். பழைய புல்லட்டை ஆசையாகப் பவுடர் கோட்டிங் கொடுத்துக் கொண்டுவருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: எர்த் போல்ட் உட்காரும் இடத்திலும் பெயின்ட் அடித்துவிட்டார்களா என்று பாருங்கள். அந்த வண்டிகள் கண்ணாடி மாதிரி மின்னும், செல்ஃப் மட்டும் எடுக்காது.

இவ்வளவும் பார்த்த பிறகு பேட்டரிக்கு வரலாம். பேட்டரி நிஜமாகவே போவதும் உண்டு. ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் சாவி போடாமல் அளந்தால் 12.6க்கு மேல் இருக்க வேண்டும். 12.4 என்றால் முக்கால்வாசி, 12ஐ நெருங்கினால் கிட்டத்தட்டக் காலி. ஆனால் இந்த எண் மட்டும் போதாது. நோஞ்சான் பேட்டரியும் சும்மா இருக்கும்போது 12.6 காட்டும். பட்டனை அழுத்தும்போது எவ்வளவு இறங்குகிறது என்று பாருங்கள். பத்துக்கு மேல் நின்றால் நல்லது. ஒன்பது, எட்டு என்று சரிந்தால் முதலில் சார்ஜ் போட்டு மறுபடி பாருங்கள். அப்போதும் சரிந்தால் தாராளமாக மாற்றுங்கள்.

மாற்றுவதற்கு முன் சார்ஜிங் அளக்காமல் விடாதீர்கள். எஞ்சினை ஓடவிட்டு லேசாக ஆக்சிலேட்டர் கொடுத்தால் பேட்டரி முனையில் 13.8லிருந்து 14.5க்குள் இருக்க வேண்டும். ஏறவே இல்லையென்றால் மேக்னெட் காயில், ஆர்.ஆர். யூனிட் (ரெகுலேட்டர்-ரெக்டிஃபையர்), அல்லது அவற்றுக்கு நடுவே உருகிப்போன கப்ளர். பதினைந்தைத் தாண்டினால் ஆர்.ஆர். யூனிட் கட்டுப்பாடு இழந்துவிட்டது, புது பேட்டரியையும் வேகவைத்துவிடும். ஓட்டத்தில்தான் சார்ஜ் ஏறும் என்பது ஐ.சி.எஃப்., லோகோ ஒர்க்ஸ் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு வீட்டில் கேட்ட விஷயமாக இருக்கலாம். பழைய ரயில் பெட்டிக்கு அடியில் சக்கர அச்சிலிருந்து பெல்ட்டில் ஆல்டர்னேட்டர் ஓடும். வண்டி ஸ்டேஷனில் நின்றால் விளக்கையும் ஃபேனையும் 110 வோல்ட் பேட்டரிதான் தாங்கும். உங்கள் பைக் மூலக்கடை சிக்னலில் ஐடிலில் உறுமும்போது மேக்னெட் கொடுப்பதும் சொற்பம்தான். லைட்டுக்கே அது சரியாகப் போய்விடும்.

நூறு சிசி வண்டியின் பேட்டரி மூன்று, நான்கு ஆம்பியர்-அவர்தான். ஜி.பி.எஸ். டிராக்கர், மொபைல் சார்ஜர், கலர் லைட் என்று மாட்டிக்கொண்டே போகிறீர்கள். சாவி எடுத்த பிறகும் அதில் ஒன்று 20 மில்லி ஆம்பியர் குடித்தால் ஒரு நாளைக்கு 0.48 ஆம்பியர்-அவர். ஊருக்குப் போய் எட்டு நாள் கழித்து வந்தால் நான்கு ஆம்பியர்-அவர் பேட்டரி காலி. அந்தக் குட்டிப் பெட்டியை சாவிக்குப் பின்னால் இணைக்கச் சொல்லுங்கள். டிராக்கர் எப்போதும் விழித்திருக்க வேண்டும் என்று கம்பெனி சொன்னால், லீவில் போகும்போது நெகட்டிவைக் கழற்றி வைத்துவிட்டுப் போங்கள்.

பட்டனை அழுத்திக்கொண்டே நிற்காதீர்கள். சார்லஸ் கெட்டரிங் 1911ல் காருக்கு எலக்ட்ரிக் ஸ்டார்ட்டர் செய்தபோது அவருக்குப் பிடிபட்ட சூட்சுமமே, சில விநாடிதான் வேலை என்பதால் சின்ன மோட்டாரிலேயே தாங்காத கரண்ட்டை விடலாம் என்பதுதான். அடுத்த வருஷம் கேடிலாக் காரில் அது வந்தது. உங்கள் வண்டியில் இருப்பதும் அதே கணக்கில் செய்த மோட்டார். ஐந்து விநாடி அழுத்துங்கள், அரை நிமிஷம் ஓய்வு கொடுங்கள். அதற்கு மேல் அழுத்தினால் கார்பன் கருகும்.

2020 ஏப்ரலில் பி.எஸ்.6 வந்த பிறகு பெரும்பாலான பைக்குகள் இன்ஜெக்‌ஷனுக்கு மாறின. பலவற்றில் கிக்கரும் போய்விட்டது. பழைய கார்புரேட்டர் வண்டிகளில் பல, பேட்டரி செத்தாலும் ரெண்டாவது கியரில் தள்ளினால் ஓடிவிடும். இன்ஜெக்‌ஷன் வண்டிக்கு பெட்ரோல் பம்பும் ஈ.சி.யூ.வும் விழிக்கவே வோல்ட் வேண்டும். சாவி போட்டதும் டேங்குக்குள் இரண்டு விநாடி "ஙொய்" என்று கேட்கிறதா பாருங்கள். கேட்டால் தள்ளிப் பார்க்கலாம். கேட்கவில்லை என்றால் எண்ணூர் நெடுஞ்சாலையில் லாரிகளுக்கு நடுவே நண்பர்களைத் தள்ளவிட்டு வியர்க்க வைக்காதீர்கள். செல்ஃப் நன்றாகச் சுற்றியும் ஸ்டார்ட் ஆகவில்லை என்றாலும் முதலில் அந்தச் சத்தத்தைத்தான் கேட்பேன், பிறகுதான் பிளக்கைக் கழற்றுவேன்.

வெள்ளம் பற்றிச் சொல்லாமல் வடசென்னையில் இந்த மடலை முடிக்க முடியாது. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் வியாசர்பாடி, புளியந்தோப்பு, பெரம்பூர் தெருக்களில் சீட்டு வரைக்கும் முங்கிய வண்டிகளை நீங்களே பார்த்தீர்கள். கணேசபுரம் சுரங்கப்பாதை நிறைய, புயல்கூடத் தேவையில்லை. தண்ணீரில் நின்ற வண்டிக்கு முதல் நாள் செய்ய வேண்டியது, செல்ஃப் பட்டனைத் தொடாமல் இருப்பது. சிலிண்டருக்குள் தண்ணீர் இருந்தால் அது அமுங்காது. மோட்டார் முழு பலத்தோடு சுற்ற முயன்றால் கனெக்டிங் ராடு வளையும், செலவு பத்து பேட்டரியைத் தாண்டும். நெகட்டிவைக் கழற்றுங்கள். பிளக்கைக் கழற்றுங்கள். ஆயில் பால் டீ நிறத்தில் இருந்தால் மாற்றுங்கள். கப்ளர்களைப் பிரித்து நல்ல தண்ணீரில் அலசி, காற்றடித்து, நிழலில் காயவிட்டு, கான்டாக்ட் கிளீனர் அடித்து மூடுங்கள். சாக்கடைத் தண்ணீரும் உப்பும் உள்ளேயே தங்கிவிட்ட கப்ளர் அன்றைக்கு வேலை செய்யும், தை மாதத்தில் உங்களை நடுரோட்டில் நிறுத்தும்.

கடைசியாக, என் தொழில்காரர்களைப் பற்றியும் ஒன்று. யாராவது "ரிலே போச்சு, மோட்டார் போச்சு" என்று சொன்னால் சண்டை போட வேண்டாம். "எங்கே எவ்வளவு வோல்ட் குறையுதுண்ணே?" என்று மட்டும் கேளுங்கள். அளந்து பார்த்தவர் எண்ணைச் சொல்வார். மாற்றிய பழைய சாமானைக் கையில் வாங்கிக்கொள்ளுங்கள். புதுப்பேட்டையில் கிடைக்கிற பழைய மோட்டார் பல சமயம் நல்லதுதான், ஆனால் கார்பனைக் கழற்றிக் காட்டச் சொல்லி வாங்குங்கள்.

மீட்டர் வாங்கியவர்கள் மழை பிடிப்பதற்குள் ஒரு நாள் சாயங்காலம் கடைக்கு வண்டியோடு வாருங்கள். முனையை எங்கே பிடிப்பது என்று காட்டித் தருகிறேன். காசு வேண்டாம், உப்புக்காகிதமும் வேஸ்லின் டப்பாவும் நீங்கள் கொண்டுவாருங்கள்.

இப்படிக்கு,
பெரம்பூர் பேரக்ஸ் ரோடு பக்கத்து ஆட்டோ எலக்ட்ரீஷியன் ஒருவன்